தடித்த அடியா, மெல்லிய அடியா? நெல்லைச் சாலைக்கு ஓட்ட ஷூ

ஓட்ட ஷூவில் குதிகாலுக்கு அடியில் 35 மி.மீ.க்கு மேல் நுரை வைத்தது தடித்த அடி, 25 மி.மீ.க்குள் அடங்குவது மெல்லிய அடி. (சாலைப் போட்டிகளில் உலகத் தடகள அமைப்பு அனுமதிக்கும் உச்சம் 40 மி.மீ.)

அரை மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர் ஓடுபவருக்குத் தடித்த நுரை சுகம். கடைசி ஐந்து கிலோமீட்டரில் பாதம் எரியாது. சிக்கல் சாலையோரத்தில். லாரிக்கு ஒதுங்கித் தார் விளிம்பிலிருந்து மண்ணில் இறங்கினால், உயரமான அடி சாய்ந்து கணுக்கால் பிசகும். நுரை அகலமாக விரிந்த மாடலாகப் பார்த்து எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் பசை விடும்.

மெல்லிய அடியில் தரை தெரியும், திருப்பத்தில் பிடி கிடைக்கும். ஆனால் குதிகாலுக்கும் விரலுக்கும் உயர வித்தியாசம் 4 மி.மீ.க்குக் குறைந்தால் ஆடுசதையும் குதிகால் தசைநாரும் கூடுதலாக இழுபடும். பழையதை ஒரேயடியாக ஒதுக்காமல், முதல் இரண்டு வாரம் ஓட்டத்துக்கு 2 கிலோமீட்டர் மட்டும் இதில் ஓடுங்கள்.

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் சுற்றுபவருக்கு மெல்லியதே போதும். ஆற்றுப்பாலம் தாண்டிச் சாலையில் நெடுந்தூரம் போகிறவர் தடித்ததை எடுக்கலாம். வேகத்துக்காக அடிக்குள் விறைப்பான கார்பன் தகடு வைத்த ஷூ, பத்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுப்பவருக்கு வீண் செலவு.

எதுவானாலும் கால் வீங்கியிருக்கும் மாலையில் அளவு பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லையேல் நகம் கறுக்கும்.