லேண்ட்சாட் படங்களோடு பன்னிரண்டு ஆண்டுகள்

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்து ஏரிகளின் நீர்ப்பரப்பைக் கணக்கிடுவதற்காக 2013 முதல் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களைப் பயன்படுத்தி வருகிறேன். இவற்றைவிடக் கூர்மையான படங்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. ஐரோப்பாவின் சென்டினல்-2 பத்து மீட்டர் நுணுக்கத்தில் படமெடுக்கிறது; அதாவது, படத்தின் ஒரு புள்ளி தரையில் பத்து மீட்டர் சதுரம். ஆனால் அதன் பதிவு 2015இல்தான் தொடங்குகிறது. லேண்ட்சாட்டிலோ 30 மீட்டர் நுணுக்கப் பதிவு 1980களின் முற்பகுதி வரை பின்னோக்கிச் செல்கிறது. ஓர் ஏரி ஆக்கிரமிப்பால் சுருங்கியதா, மழை பொய்த்ததால் அந்த ஆண்டு மட்டும் வற்றியதா என்று பிரித்தறிய அவ்வளவு நீண்ட பதிவு தேவைப்படுகிறது. நீர்நிலைகளின் பரப்பு மாற்றத்தை அளக்கும் ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சிக் குறியீடு 6.6.1 இந்தப் படங்களைச் சார்ந்திருப்பதற்கும் அதுவே காரணம்.

குறைகளில் முதலாவது மேகம். லேண்ட்சாட் 8, 9 இரண்டும் சேர்ந்து எட்டு நாளுக்கு ஒருமுறை நம் தலைக்கு மேல் வந்தாலும், ஏரிகள் நிரம்பும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான படங்களில் பெரும்பாலும் வெண்மையே தெரியும். ஆகவே தை மாதத்தின் முதல் தெளிந்த படத்தையே ஆண்டுக்கணக்குக்கு எடுத்துக்கொள்கிறேன். செம்பரம்பாக்கம் வறண்டு கிடந்த 2019 போன்ற கோடைகளைப் பார்ப்பதில் இந்தச் சிக்கல் குறைவு.

லேண்ட்சாட் 7இன் வருடுகோடுகளைச் சரிசெய்யும் கருவி 2003 மே மாதம் பழுதானதால், அதன் பிந்தைய படங்களில் ஏறத்தாழ 22 விழுக்காடு கறுப்புக் கோடுகளாக விடுபட்டிருக்கும். சிறிய ஏரியொன்று முழுவதுமாகக் கோட்டுக்குள் விழுந்துவிடுவதும் உண்டு.

என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். லேண்ட்சாட் படங்களைப் புதிதாகச் சீரமைத்து வெளியிட்ட இரண்டாம் தொகுப்புத் தரவுக்கு மாறியபோது, படப்புள்ளி ஒவ்வொன்றின் மதிப்பையும் 0.0000275ஆல் பெருக்கி 0.2 கழிக்க வேண்டும் என்ற குறிப்பைப் படிக்காமல், பழைய நிரலையே ஓட்டினேன். பச்சை ஒளியையும் குறுஅலை அகச்சிவப்பையும் ஒப்பிட்டு நீரைப் பிரிக்கும் குறியீட்டில், அதற்கு மேலிருந்தால் நீர் என்னும் எல்லையை 0.2 என்று வைத்திருந்ததால், அந்தக் கழித்தல் விடுபட்டதும் எல்லா ஏரிகளும் ஒரே ஆண்டில் சுருங்கியதாகக் கணக்கு வந்தது. நல்ல மழை பெய்த ஆண்டு அது என்பதால்தான் ஐயம் வந்தது. இல்லாவிட்டால் அறிக்கையே எழுதியிருப்பேன்.

ஆகாயத்தாமரை மூடிய ஏரி படத்தில் நெல்வயலைப் போலவே தெரியும் என்பதால், நேரில் போய்ப் பார்ப்பதை விடமுடியவில்லை. அப்படிப் போன ஓர் ஊரில், மதகருகே உட்கார்ந்திருந்த பெரியவரிடம் அச்சிட்ட படத்தைக் காட்டி, முப்பது ஆண்டுகளாக நீர்ப்பரப்பு குறையவில்லை என்றேன். அவர் கையிலிருந்த கம்பைத் தண்ணீரில் ஊன்றினார். முழங்கால் ஆழத்துக்கு அது சேற்றில் இறங்கியது. "மேலேருந்து பாத்தா தண்ணி தெரியும் தம்பி, தூரு தெரியுமா?" என்றார். பரப்பு மாறாமலேயே கொள்ளளவு குறையும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆயினும் என் அட்டவணையில் அதற்கென ஒரு கட்டம் இருக்கவில்லை.

இப்போது இருக்கிறது. தை மாதப் படம் எடுக்கப்பட்ட வாரத்திலேயே மதகடி அளவுகோலின் அளவையும், ஊர்க்காரர் ஒருவரை விட்டுக் கம்பால் பார்த்த சேற்றின் ஆழத்தையும் அதில் குறித்துக்கொள்கிறேன்.