கல்லடிக்கு எது, உப்புத்தண்ணிக்கு எது: நெல்லைச் சாலையில் செராமிக்கும் பிபிஎஃப்பும்

மூணு நாலு வருஷம் ஓடிய பிறகு, செராமிக் கோட்டிங் (பெயின்ட் மேல் பூசிக் காயவிடும் மெல்லிய திரவப் பூச்சு) போட்ட வண்டிக்கும் பிபிஎஃப் (பெயின்ட்டைக் காக்க மேலே ஒட்டும் நிறமில்லாத பிளாஸ்டிக் ஃபிலிம்) ஒட்டிய வண்டிக்கும் உள்ள வித்தியாசம் பானெட் நுனியில்தான் தெரியும். நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி என்று நான்குவழிச் சாலையிலேயே கிடக்கும் வண்டிக்கு முன்னால் ஏதாவது ஒரு டிப்பர் போய்க்கொண்டுதான் இருக்கும். அதிலிருந்து தெறிக்கும் ஜல்லியைச் செராமிக் தடுக்காது. கம்பெனி பெயின்ட் மொத்தமே சுமார் 100 முதல் 140 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). அதில் மேலே இருக்கும் நிறமில்லாத அடுக்கான கிளியர் கோட் 40, 50 மைக்ரான். செராமிக் பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரான்தான். பிபிஎஃப்போ 150 முதல் 200 மைக்ரான். செராமிக்குக்குக் கடையில் பெருமையாகச் சொல்லும் '9எச்' பென்சில் கீறல் சோதனையின் அளவு. கல்லடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

செராமிக்கின் உண்மையான லாபம் கழுவும்போதுதான். தூசி, சேறு, வண்டு பூச்சி எல்லாம் சுலபமாக விட்டுவரும், பளபளப்பும் நிற்கும். ஆனால் நம்ம ஊர் போர் தண்ணி அதற்குப் பெரிய எதிரி. கோட்டிங் மேல் தண்ணி முத்து முத்தாக நிற்கும். வெயிலில் அது வற்றியதும் கால்சியம், மெக்னீசியம் உப்பு வெள்ளை வளையமாக உட்கார்ந்துவிடும். நாள்பட்டால் வளையம் கோட்டிங்கையே அரித்துக் குழியாக்கும். பிறகு பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும், கோட்டிங்கும் அதோடு போய்விடும். அதனால் காலையிலோ சாயங்காலமோ நிழலில் கழுவுங்கள். கடைசியாக ஒரு வாளி ஆர்ஓ தண்ணியோ மழைத்தண்ணியோ ஊற்றி, மைக்ரோஃபைபர் துண்டால் உடனே ஒற்றி எடுங்கள். புது வளையம் என்றால் வெள்ளை வினிகரும் ஆர்ஓ தண்ணியும் சரிபாதி கலந்து, நனைத்த துணியை ஆறிய பேனல் மேல் ஒரு நிமிஷம் போட்டு, நன்றாக அலசிவிட்டால் போகும். தேரிக்காட்டுச் செம்மணல் தூசியை மட்டும் காய்ந்த துணியால் தட்டவே கூடாது. கதவு முழுக்க சிலந்திவலைக் கீறல் விழும்.

பிபிஎஃப்பில் தொந்தரவு வேறு மாதிரி. மெல்லிய கீறல் சூட்டில் தானே மறையும் என்பது நல்ல டிபியு (நெகிழும் பாலியூரிதேன் பிளாஸ்டிக்) ஃபிலிமில் உண்மை. பாளையங்கோட்டை சித்திரை வெயிலுக்கு வெந்நீர்கூட வேண்டாம். ஆழமாகக் கிழித்த கோடு மறையாது. மலிவான பிவிசி ஃபிலிம் சீக்கிரம் மஞ்சளாகும், கழற்றும்போது பசையை விட்டுவிட்டு வரும். ஓரத்தில் அழுக்கு சேர்ந்து கறுப்புக் கோடு விழுவது வெள்ளை வண்டியில் கண்ணை உறுத்தும். பேனல் ஓரத்தில் மடிக்க இடமிருந்தால் ஃபிலிமை உள்பக்கமாக மடித்தே ஒட்டச் சொல்லுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை ஓரத்துக்கு நேராகப் பிடித்தால் ஃபிலிம் பெயர்ந்துவிடும். இரண்டடி தள்ளியே பிடிக்க வேண்டும். வண்டி மேலேயே பிளேடால் வெட்டுகிறார்களா, முன்கூட்டியே மெஷினில் வெட்டியதா என்று கட்டாயம் கேளுங்கள், பிளேடு கோடு கிளியர் கோட்டில் நிரந்தரமாகத் தங்கும். இடித்து மறுபெயின்ட் அடித்த பேனல் என்றால், கழற்றும்போது பெயின்ட்டும் சேர்ந்து உரிய வாய்ப்புண்டு.

முழு வண்டிக்கும் பிபிஎஃப் செராமிக்கைவிடப் பல மடங்கு செலவு, பெரும்பாலோருக்கு அது வீண். ஹைவேயில் ஓடுகிறவர்கள் பானெட், முன் பம்பர், ஃபெண்டர், சைடு மிரர், கதவுக்குக் கீழ்ப்பகுதி, கைப்பிடிக் குழி இவற்றுக்கு மட்டும் பிபிஎஃப் ஒட்டி, மீதிக்குச் செராமிக் போட்டால் போதும். வண்ணார்பேட்டைக்கும் ஜங்ஷனுக்கும் மட்டும் போய்வரும் வண்டிக்குச் செராமிக்கே தாராளம். உவரி, கூடங்குளம் பக்கம் இருப்பவர்கள் இரண்டையும் நம்பி அடிப்பாகத்தை விட்டுவிடாதீர்கள். உப்புக்காற்றுத் துரு கீழிருந்துதான் ஏறும். அங்கே அண்டர்பாடி கோட்டிங்தான் முதல் செலவு.

ஷோரூமில் டெலிவரி நாளன்று திணிக்கும் டெஃப்லான் கோட்டிங் சில மாதத்தில் போய்விடும், அதை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். காக்கை எச்சம் மட்டும் எதைப் போட்டிருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும்: ஈரத்துணியை அஞ்சு நிமிஷம் ஊறப்போட்டு, தேய்க்காமல் தூக்கி எடுங்கள்.