ஸ்பீக்கர்களுக்குத் தனி மறைவலையா, வீட்டு வைஃபையே போதுமா?

பல அறைகளில் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்யும் ஸ்பீக்கர்களை இணைக்கப் பெரும்பாலும் இரண்டு வழிகள் கையாளப்படுகின்றன. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் வைஃபையில் ஒவ்வொரு ஸ்பீக்கரும் தனித்தனியே சேர்வது ஒன்று. ஸ்பீக்கர்கள் தங்களுக்கென ஒரு வலையைத் தாமே அமைத்துக்கொள்வது மற்றொன்று. பின்னதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு சோனோஸ் நிறுவனத்தின் சோனோஸ்நெட். 2005இல் அந்நிறுவனத்தின் முதல் கருவிகள் விற்பனைக்கு வந்த காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு இருந்தது. 2014இல் வைஃபையில் நேரடியாகச் சேரும் வசதி வரும்வரை, ஒரு ஸ்பீக்கரையோ, அதற்கென விற்கப்பட்ட பிரிட்ஜ் என்னும் சிறு பெட்டியையோ ரவுட்டருடன் கேபிளால் இணைத்தே ஆக வேண்டியிருந்தது.

இந்த வலை தன் பெயரை அறிவிப்பதில்லை; அதனால்தான் இதை இங்கே மறைவலை என்கிறேன். ஆகவே கைபேசியின் வைஃபை பட்டியலில் அதன் பெயர் தென்படாது. ஆனால் சுற்றியுள்ள வைஃபை சிக்னல்களை அலசிக் காட்டும் செயலிகளில் பெயரற்ற வலையாக, சில வேளை வீட்டு ரவுட்டரைவிட வலுவாகவே, அது காட்சி தரும். பெயரை மறைத்தால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. அதைத் தருவது, சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி தரவை மாற்றிவிடும் ஏஇஎஸ் என்னும் குறியாக்கமே.

இரு வழிகளின் உண்மையான வேறுபாடு, பல ஸ்பீக்கர்களைக் குழுவாகச் சேர்க்கும்போதுதான் வெளிப்படுகிறது. குழுவில் ஒரு ஸ்பீக்கர் தலைமை ஏற்று, இணையத்திலிருந்து பாட்டைப் பெற்று மற்றவற்றுக்குப் பகிர்ந்தளிக்கிறது. வீட்டு வைஃபையில் அது பகிரும் ஒவ்வொரு தரவுத் துண்டும் முதலில் ரவுட்டருக்குச் சென்று, அங்கிருந்து அடுத்த ஸ்பீக்கருக்குத் திரும்பி வர வேண்டும். அதாவது ஒரே தரவு, பெரும்பாலும் ஒரே சேனலில் (அலைவரிசையின் ஒரே பிரிவில்), இருமுறை பயணிக்கிறது. நான்கு அறைகளில் பாட்டு ஒலிக்கும் அதே நேரத்தில் வேறொருவர் காணொளியும் பார்த்துக்கொண்டிருந்தால், எளிய ரவுட்டர் திணறுவதில் வியப்பில்லை. மறைவலையிலோ அருகருகே உள்ள ஸ்பீக்கர்கள் நேரடியாகவே பேசிக்கொள்கின்றன. தொலைவில் உள்ளது, இடையில் இருப்பதன் வழியாகத் தரவைப் பெறுகிறது. இப்படிக் கைமாற்றுவதற்கும் அலைநேரம் (சேனலைப் பிடித்துவைக்கும் நேரம்) செலவாகத்தான் செய்கிறது. ஆயினும் அந்தச் செலவு ரவுட்டரின் கணக்கில் சேராமல் தனிச் சேனலில் கழிகிறது.

இந்த வசதிக்குக் கொடுக்கும் விலையும் சிறிதன்று. சோனோஸ்நெட் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1, 6, 11 ஆகிய சேனல்களுள் ஒன்றைப் பயன்படுத்துகிறது. மைக்ரோவேவ் அடுப்பும், புளூடூத்தும், அண்டை வீட்டு ரவுட்டர்களும் நெரிசலை உண்டாக்குவது அங்கேதான். ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனலும் ஸ்பீக்கர்களின் சேனலும் ஒன்றாக அமைந்துவிட்டால், தனி வலை வைத்ததன் பயனே பெரிதும் போய்விடும். வைஃபை வழியில், ரவுட்டரும் ஸ்பீக்கரும் இடங்கொடுத்தால், சேனல்கள் மிகுந்த 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிக்கொள்ளலாம்.

மற்றொரு சிக்கல் கேபிளில் ஒளிந்திருக்கிறது. இரண்டு ஸ்பீக்கர்களைக் கேபிளில் இணைத்தால், ஒரே தரவு கேபிள் வழியாகவும் காற்று வழியாகவும் சுற்றிச்சுற்றி வரக்கூடிய வட்டம் ஒன்று உருவாகிறது. அதை முறிப்பது ஸ்பேனிங் ட்ரீ என்னும் நெறிமுறை. அந்த நெறிமுறைச் செய்திகளைச் சரியாகக் கடத்தாத ஸ்விட்சோ (பல கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டி), பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையைப் பரப்பும் மெஷ் ரவுட்டரோ நடுவில் இருந்தால், வீட்டின் வலை முழுவதுமே முடங்கலாம். ஒரே ஒரு ஸ்பீக்கரை, அதுவும் முதன்மை ரவுட்டரிலேயே செருகுவது இதைத் தவிர்க்கும் எளிய வழி.

நல்ல மெஷ் வைஃபை உள்ள வீட்டில் மறைவலைக்குத் தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒன்றின் வழியாக மற்றொன்று தரவைப் பெறும் மறைவலையும் ஒருவகை மெஷ்தான்; இரண்டு மெஷ்கள் ஒரே வீட்டில் இயங்குவது பயனைவிடத் தொல்லையையே மிகுதியாகத் தரும். ரவுட்டர் பழையது, அறைகள் பல, கையில் இருப்பவையும் பழைய மாடல்கள் என்றால், மறைவலையைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். புதிதாக வாங்குவோருக்கு இந்தத் தேர்வே குறைந்துவருகிறது: சோனோஸின் எடுத்துச் செல்லக்கூடிய ஸ்பீக்கர்களான மூவ், ரோம் ஆகியவையும் 2023இல் வந்த எரா 100, எரா 300 ஆகியவையும் சோனோஸ்நெட்டில் சேர்வதில்லை. பழையவையும் புதியவையும் கலந்திருக்கும் வீட்டில் பழையவை மறைவலையிலும் புதியவை வைஃபையிலுமாக இயங்கலாம். அத்தகைய வீட்டில் வைஃபை விவரங்களைச் சோனோஸ் செயலியில் பதிந்துவைப்பது கட்டாயமாகிறது.