திருப்பாதிரிப்புலியூரில் பழைய கணினிக்கு ஒரு நல்ல கை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 2003ஆம் ஆண்டிலிருந்து டி.டி.பி. வேலை செய்து வருகிறேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் குடமுழுக்கு நோட்டீஸ், நீதிமன்றத்துக்கு வருகிறவர்களின் மனு என்று எல்லாம் என் விரல் வழியாகப் போயிருக்கின்றன. கடையில் இப்போது புதுக் கணினிகள் இரண்டு இருக்கின்றன. ஆனாலும் மூலையில் ஒரு பென்டியம் 4 இருக்கிறது. 2004இல் தவணையில் வாங்கியது. அதைப் பழுது பார்த்துக் கொடுத்த கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அந்தப் பழைய பெட்டியை ஏன் இன்னும் விடவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அதில் பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 7 இருக்கிறது. 2001இல் வந்த பதிப்பு. அதுவே கடைசிப் பதிப்பாகவும் ஆகிவிட்டது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் இன்றைய பொதுமுறையான யூனிகோடு அதற்குத் தெரியாது. அக்காலத்தில் நாங்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில்தான் தமிழ் அடித்தோம். அவற்றில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஓர் ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். பாமினியில் அகரம் இருப்பது 'எம்' என்ற எழுத்தின் இடத்தில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்று அடித்ததைத் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரிசையாக நிற்கும். ஒரு தலைமுறைத் தமிழ் இப்படித்தான் பழைய பெட்டிகளுக்குள் முடங்கிக் கிடக்கிறது.

2006இல் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் கட்டுரைகளை என்னிடம் அடிக்கக் கொடுத்தார். 312 பக்கம். இருநூறு படிகள் அச்சிட்டோம். அச்சான பிறகும் அவருக்கு மனம் ஆறவில்லை. நான்கு மாதம் மாலையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாகத் திருத்தம் சொன்னார். அடுத்த பதிப்பில் சேர்க்கலாம் என்று நானும் திருத்தி வைத்தேன். அடுத்த பதிப்பு வரவில்லை, அவரும் போய்விட்டார். கையெழுத்துப் படியை 2015 வெள்ளம் கொண்டுபோயிற்று. கடந்த ஐப்பசியில் அவருடைய மகள் வந்து, "அப்பா திருத்தியபடியே மறுபதிப்பு போட வேண்டும், அக்கா" என்றார். அந்தத் திருத்தங்கள் இருந்தது அந்த ஒரு பெட்டியில் மட்டும்தான். 2007இல் சிடியில் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் மேலே இருந்த வெள்ளிப் படலம் செதில் செதிலாக உரிந்து வந்தது.

பெட்டியை ஆன் செய்தேன். மூன்றாவது முறைதான் திரை வந்தது. ஐந்து நிமிடத்தில் தானாகவே அணைந்து மறுபடி தொடங்கியது. உள்ளேயிருந்து 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். தெரிந்த ஒரு கடைக்குத் தூக்கிச் சென்றேன். புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். இன்னோர் இடத்தில் விண்டோஸை மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும் என்று சொல்லி, நான் வாய் திறப்பதற்குள் சிடியைப் போடப் போனார்கள். கையைப் பிடித்துத் தடுத்துப் பெட்டியை எடுத்து வந்தேன். அன்று ஏற்றியிருந்தால் அந்த நான்கு மாத மாலைகளும் போயிருக்கும்.

திருப்பாதிரிப்புலியூரில் லாரன்ஸ் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது நான் சொல்லும் கடை. பெயர்ப்பலகை கிடையாது. ஒரு மேசை, சால்டரிங் அயர்ன், பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு, சுவர் முழுக்க மாத்திரை டப்பாக்களில் பிரித்து வைத்த உதிரிகள். வேலை செய்கிறவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ரேடியோவில் தொடங்கி, டேப் ரெக்கார்டர், டி.வி. என்று வந்து கணினியில் நிற்கிறார்.

பெட்டியை மேசையில் வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உள்ளே என்ன இருக்கிறது?"

"ஒரு புத்தகம் இருக்கிறது, அண்ணா."

"அப்படியென்றால் அதை எடுத்த பிறகுதான் மற்ற வேலை. இனிமேல் இதை ஒரு தடவைகூட ஆன் செய்யாதீர்கள், அம்மா. அந்த டிக் டிக் சத்தம் ஹார்ட் டிஸ்கிலிருந்து வருகிறது. ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்."

இந்தக் கடையை நான் பரிந்துரைப்பதற்கு இந்த ஒரு வரிசையே போதும். இயந்திரத்தின் கோளாறு என்ன என்பதை அதற்குப் பிறகுதான் கேட்டார்.

ஹார்ட் டிஸ்கைக் கழற்றினார். 80 ஜிபி, அகலப் பட்டை கேபிள் மாட்டும் பழைய ஐ.டி.இ. வகை. அதை ஒரு மாற்றி (அடாப்டர்) வழியாகத் தம் லினக்ஸ் கணினியில் இணைத்தார். கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவே இல்லை. டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருளைக் கொண்டு டிஸ்க் முழுவதையும் அப்படியே இன்னொன்றில் படியெடுத்தார். எளிதாகப் படிக்கக் கிடைப்பதை எல்லாம் அது முதலில் எடுத்துக்கொள்கிறது. படிக்க முடியாத இடம் வந்தால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்பதில்லை. குறித்து வைத்துக்கொண்டு மேலே போகிறது. எல்லாம் முடிந்த பிறகு திரும்பி வந்து, விட்டுப்போன இடங்களை மட்டும் மறுபடி முயன்று பார்க்கிறது. சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு இதைவிடப் பொறுமையான மருத்துவம் இல்லை. ஓர் இரவு முழுக்க ஓடியது. மறுநாள் போனபோது ஆசிரியரின் புத்தகம் திரையில் திறந்திருந்தது. கடைசிப் பக்கம் வரைக்கும் உருட்டிப் பார்த்தேன். ஒரு குடமுழுக்கு நோட்டீஸும் சில படங்களும்தான் போயிருந்தன.

அதற்குப் பிறகே, கணினியின் பாகங்களையெல்லாம் இணைக்கும் மதர்போர்டைப் பார்த்தார். விளக்கை இழுத்து, "நீங்களே பாருங்கள்" என்று பூதக்கண்ணாடியைக் காட்டினார். பிராசசருக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் உருளைக் கெப்பாசிட்டர்களில் ஆறு, பூரி போலத் தலை உப்பியிருந்தன. இரண்டில் மேலே பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தரமில்லாத மின்பகு திரவம் அடைத்த கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் பரவி, பல நிறுவனங்களின் மதர்போர்டுகளில் போய்ச் சேர்ந்தன. சில ஆண்டுகளில் உள்ளே வாயு உண்டாகித் தலை புடைத்துவிடும். பிராசசருக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்குவது அவற்றின் வேலை. அது நடக்காதபோது கணினி நடுவில் விழுந்து எழுந்திருக்கும். விண்டோஸை எத்தனை முறை ஏற்றினாலும் இது தீராது என்பது அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது எனக்கு நன்றாகப் புரிந்தது.

மாற்றும்போது எதைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். 3300 மைக்ரோஃபேரட் என்றால் அதே அளவு. வோல்ட் 6.3 என்றிருந்தால் அதுவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. 105 டிகிரி வெப்பம் தாங்கும் வகை. உள்தடை குறைந்ததாக இருக்க வேண்டும். சாதாரண வகை போட்டால் சில மாதத்தில் பழைய கதைதான். கடலூரில் கிடைக்கவில்லை என்று சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்தார். அதற்கே ஆறு நாள்.

பவர் சப்ளையை மல்டிமீட்டரால் சோதித்தார். 12 வோல்ட் வர வேண்டிய மஞ்சள் ஒயரில் 11.1 வந்தது. ஐந்து சதவீதம் வரை ஏற்றத்தாழ்வு இருக்கலாம், அதாவது 11.4க்குக் கீழே போகக் கூடாது. அதையும் மாற்றினோம். கடிகாரத்துக்கான பொத்தான் பேட்டரி, சிஆர்2032, 3 வோல்ட் தர வேண்டியது 2.3இல் நின்றது. நாற்பது ரூபாய்ப் பொருள். உங்கள் பழைய கணினி ஒவ்வொரு காலையும் தேதியை மறந்துவிட்டு எழுந்தால் முதலில் இதை மாற்றிப் பாருங்கள்.

ரேம் என்ற நினைவகப் பட்டையின் பொன்னிறக் கால்கள் மங்கிப் போயிருந்தன. வெள்ளிக் கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருந்தால் உப்புக் காற்று எதையும் விடாது. பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தார். மழைக்காலத்தில் பழைய இயந்திரத்தை மூட்டை கட்டி வைக்காமல் வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்டச் சொன்னார். உள்ளே பிறக்கும் சூடு ஈரத்தை விரட்டும். பிளாஸ்டிக் உறை போடாமல் பருத்தித் துணி போர்த்தச் சொன்னார். நானும் இப்போது இதைத் தவறாமல் செய்கிறேன்.

பழைய டிஸ்க்குக்குப் பதிலாக சுழலும் தட்டு இல்லாத 120 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றை ஒரு மாற்றி வழியாகப் பொருத்தினார். பெரிதாகப் போடலாமே என்று கேட்டேன். 137 ஜிபிக்கு மேல் போனால் அந்தக் காலத்துப் பல மதர்போர்டுகள் முழுதாக அடையாளம் காணாது என்றார். இணையக் கேபிளைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். இந்தப் பெட்டியில் ஓடும் விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நின்றுவிட்டது. இந்தப் பெட்டி இனித் தனியாக இருக்கட்டும், கோப்புகளைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள் என்றார். அதுதான் சரி என்றே நானும் நினைக்கிறேன்.

என் டி.வி.எஸ். கோல்டு கீபோர்டையும் கொண்டுபோயிருந்தேன். நான் தேநீரைக் கொட்டியதிலிருந்து சில விசைகளில் ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழுந்தது. இருபது ஆண்டாக என் கைக்குப் பழகிய கீபோர்டு அது. ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்விட்ச், தட்டினால் 'டக்'கென்று பதில் சொல்லும். மேல்மூடிகளைப் பிடுங்கிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஸ்விட்ச்சுகளில் ஆல்கஹால் சொட்டுவிட்டு, இரண்டு நாள் உலர வைத்தார். இப்போது ஒன்றுக்கு ஒன்றுதான் விழுகிறது. அதன் உருண்டைப் பிளக்கைக் கணினி ஓடும்போது கழற்றி மாட்டக் கூடாது, போர்டு பழுதாகலாம் என்றும் எச்சரித்தார். இத்தனை ஆண்டுகளாக நான் அப்படிச் செய்துதான் வந்திருக்கிறேன்.

ஒரு நாள் நான் காத்திருந்தபோது தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு பையன் பிளேஸ்டேஷன் 2 கொண்டுவந்தான். அவனுடைய சித்தப்பா வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்ததாம். ஜப்பானில் 2000 மார்ச்சில் வந்த வீடியோ கேம் இயந்திரம். 2013 தொடக்கத்தில் உற்பத்தியே நின்றுவிட்டது. தட்டைப் படிக்க மறுக்கிறது என்றான். அடிப்பாகம் நீலமாக இருக்கும் சிடி ஒன்றையும், வெள்ளி நிற டிவிடி ஒன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். இரண்டும் தடுமாறின. "சிடிக்கு ஒரு லேசர், டிவிடிக்கு இன்னொரு லேசர். ஒன்று மட்டும் ஓடினால் லேசரைச் சந்தேகிக்கலாம். இரண்டுமே தடுமாறுவதால் முதலில் தூசியைப் பார்ப்போம், தம்பி." லென்ஸைப் பஞ்சால் ஒற்றி எடுத்தார். லென்ஸ் நகரும் கம்பிகளில் பழைய கிரீஸ் மெழுகு போல இறுகியிருந்தது. அதைத் துடைத்துப் புதிது தடவினார். ஆட்டம் திரையில் வந்ததும் பையன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். லேசரின் வலிமையைக் கூட்டும் சின்னத் திருகைத் திருப்பிவிடச் சொல்லி அவன் நண்பன் சொன்னானாம். அவர் மறுத்துவிட்டார். இன்றைக்கு ஓடும், ஆனால் லேசர் சீக்கிரம் எரிந்துபோகும் என்பது அவர் காரணம். ஐந்து நிமிடத்தில் பாராட்டு வாங்கித் தரும் வேலையை மறுக்கிற ஒருவரிடம் என் பொருளை நம்பிக் கொடுப்பேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மொத்தம் பன்னிரண்டு நாள் ஆயிற்று. சால்டரிங் அயர்ன் சூடாக இருக்கும்போது போனை எடுக்க மாட்டார். நேரில்தான் போய்க் கேட்க வேண்டும். முன்கூட்டியே செலவு இவ்வளவு என்று சொல்வதில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் முன்பக்க யு.எஸ்.பி. துளைகளின் ஒயரை மாட்ட மறந்திருந்தார். மறுபடி ஆட்டோவில் ஏற்றிச் சென்றேன். எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்தியது, என் டிஸ்க்கின் முழு நகல் அவருடைய கணினியிலேயே இருந்தது. அதில் என்னிடம் வந்தவர்களின் மனுக்களும் முகவரிகளும் இருக்கின்றன. கேட்டதும் என் கண்முன்னேயே அழித்துவிட்டார், தயங்கவில்லை. ஆனால் நான் கேட்டிருக்காவிட்டால் அது அங்கேயே இருந்திருக்கும். இதை அவர் தாமாகவே செய்ய வேண்டும். அவரிடமும் அப்படியே சொன்னேன்.

துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்த கணக்கு: எஸ்.எஸ்.டி. 1,300, பவர் சப்ளை 650, மாற்றி 350, கெப்பாசிட்டர் ஆறு 150, பேட்டரி 40, கூலி 1,200. ஆக 3,690 ரூபாய். கீபோர்டுக்குத் தனியாக வாங்கவில்லை. படியெடுத்த அந்த இரவுக்கும் வாங்கவில்லை. அது எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது.

புத்தகத்தை இப்போது யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். பழைய எழுத்துருவில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டாக, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கிடக்கும். யூனிகோடில் ககரம் முன்னால் வர வேண்டும். மாற்றி மென்பொருள் அங்கங்கே இடறுகிறது. எனவே ஒரு பக்கம் விடாமல் பழைய திரையையும் புதிய திரையையும் அருகருகே வைத்து ஒப்பிடுகிறேன். ஆசிரியரின் மகளும் மாலையில் வந்து உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறார். 140ஆம் பக்கம் வந்திருக்கிறோம்.

கடைக்குக் காலை பதினொரு மணிக்கு மேல் போங்கள், வெள்ளிக்கிழமை பூட்டியிருக்கும். சந்தில் கார் நுழையாது. பழைய எழுத்துரு சிடி வீட்டில் இருந்தால் அதையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.