பேக்லிங்க்: ஃபோரத்தில் பதில் எழுதுவதா, கெஸ்ட் போஸ்டா, காசு கொடுப்பதா?

புதிதாகத் தளம் தொடங்கிய எல்லோரும் கொஞ்ச நாளில் வந்து நிற்கும் கேள்வி இது: பேக்லிங்க், அதாவது வேறு தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் லிங்க், எங்கே கிடைக்கும்? தேடிப் பார்த்தால் முக்கால்வாசிப் பதில்கள் ஒரே மாதிரி இருக்கும். பத்து ஃபோரத்தில் சேருங்கள், சிக்னேச்சரில் (உங்கள் ஒவ்வொரு பதிவுக்கும் அடியில் தானாக வரும் வரி) தள முகவரியைப் போடுங்கள், தினமும் ஐந்து பதிவு எழுதுங்கள். இன்னொரு கட்சி, ஃபோரம் எல்லாம் எப்போதோ முடிந்துபோன வழி, கெஸ்ட் போஸ்ட், அதாவது அடுத்தவர் தளத்துக்குக் கட்டுரை, எழுதுங்கள், இல்லையென்றால் காசு கொடுத்து வாங்கிவிடுங்கள் என்கிறது. இரண்டு பேருமே லிங்க்கை மட்டும் எண்ணுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். நான் சைக்கிள் பழுதுபார்ப்பு பற்றிச் சின்னதாக ஒரு தளம் நடத்துகிறேன்; இந்த வழிகள் எல்லாவற்றிலும் நேரம் போட்டிருக்கிறேன், ஒன்றில் காசும் போட்டிருக்கிறேன். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் லிங்க்குக்கு ஏன் இந்த மதிப்பு என்று பார்த்துவிடலாம். 1998-இல் லாரி பேஜும் செர்கே பிரினும் ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது முன்வைத்த, கூகுள் தேடலுக்கு அடிப்படையான பேஜ்ரேங்க்கின் சாரம் எளிமையானது: ஒரு பக்கத்துக்கு யார் யார் லிங்க் தருகிறார்கள், அப்படித் தருபவர்களுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை வைத்து அந்தப் பக்கத்தை எடை போடலாம். லிங்க் ஒரு ஓட்டு மாதிரி. ஓட்டுக்கு மதிப்பு வந்ததும் கள்ள ஓட்டும் வந்தது. கமெண்ட் பெட்டியிலும் ஃபோரத்திலும் ஆட்கள் லிங்க்கைக் கொண்டுவந்து கொட்டினார்கள், அப்புறம் எக்ஸ்ரூமர் போன்ற மென்பொருள்கள் ஆளே இல்லாமல் அதைச் செய்தன. 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூன்றும் சேர்ந்து நோஃபாலோ என்ற குறியை ஆதரிப்பதாக அறிவித்தன. இந்தக் குறி போட்ட லிங்க்கை ஓட்டாக எண்ண மாட்டோம் என்று அர்த்தம். 2007-இல் ஆங்கில விக்கிப்பீடியா தன் வெளி லிங்க்குகள் எல்லாவற்றுக்கும் அதைப் போட்டது. ஃபோரங்களும் ஒவ்வொன்றாக அந்த வழிக்கு வந்தன.

நீங்கள் சேரப்போகும் ஃபோரம் எப்படி என்று தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. யாராவது ஒருவர் பதிலில் கொடுத்திருக்கும் வெளி லிங்க் மேல் ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் கொடுங்கள். திறக்கும் நிரல் (code) வரியில், முகவரிக்குப் பக்கத்தில் 'ரெல்' (rel) என்று ஒரு பண்பு இருக்கலாம். அதில் நோஃபாலோ (nofollow) அல்லது யூஜிசி (ugc) என்று இருந்தால் அது நேரடி ஓட்டு இல்லை. இந்த யூஜிசி 2019 செப்டம்பரில் கூகுள் கொண்டுவந்தது, பயனர்கள் எழுதிய லிங்க் என்று காட்டுவதற்கு. காசு கொடுத்த லிங்க்குக்கு ஸ்பான்சர்டு என்று இன்னொரு குறியும் கூடவே வந்தது. அப்போதே, இந்தக் குறிகளை இனிமேல் கட்டளையாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்வோம் என்றும் சொன்னார்கள். இதைப் பிடித்துக்கொண்டு "நோஃபாலோவும் இப்போது எண்ணப்படுகிறது" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணலாம் என்பது வேறு, எண்ணுகிறார்கள் என்பது வேறு. அதை நம்பி வேலை செய்யாதீர்கள்.

சரி, ஃபோரத்துக்கு வருவோம். ஃபோரம் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்று சிக்னேச்சரும் ப்ரொஃபைல் லிங்க்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, விட்டுவிடுங்கள். கூகுளின் ஸ்பேம் விதிகளில், பதிவிலோ சிக்னேச்சரிலோ தேடல் வார்த்தைகளைத் திணித்த லிங்க்குடன் வரும் ஃபோரம் கருத்துகளைத் தனியாகவே குறிப்பிட்டு லிங்க் ஸ்பேம் என்று எழுதியிருக்கிறார்கள். கள்ள லிங்க்குகளைப் பிடிக்கக் கூகுள் 2012 ஏப்ரல் 24-இல் கொண்டுவந்த பெங்குவின் அப்டேட்டில் அடிவாங்கிய தளங்களில், "மலிவு விலை இன்னது" என்று ஒரே ஆங்கர் டெக்ஸ்ட்டை (லிங்க்காகத் தெரியும் வார்த்தைகள்) நூற்றுக்கணக்கான இடங்களில் ஒட்டி வைத்திருந்தவை ஏராளம். இதற்குப் பிறகும் "ஐந்நூறு ஃபோரம் ப்ரொஃபைல் லிங்க்" என்று பொட்டலம் கட்டி விற்கிறார்கள் என்றால், வாங்குபவர்கள் பழைய அறிவுரையைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

இரண்டாவது வேலை, உண்மையாகவே பதில் சொல்வது. ஒருமுறை ஒருவர் கேட்டிருந்தார்: பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதியைப் புதிதாக மாற்றினேன், பெடலை அழுத்தி மிதித்தால் செயின் வழுக்குகிறது, கடைக்காரர் தப்பான சாமான் கொடுத்துவிட்டாரா? பழைய செயினையே போட்டிருக்கிறார் என்பது கேள்வியிலேயே தெரிந்தது. தேய்ந்த செயின் புதுப் பல்லில் உட்காராது. அதைச் சொல்லிவிட்டு அளக்கும் விதத்தை எழுதினேன். ஸ்கேலைச் செயினின் ஒரு ஊசியின் (பின்) நடுவில் வைத்து, 12 முழு இணைப்புகள், அதாவது 24 ஊசிகள், தள்ளி இருக்கும் ஊசியைப் பாருங்கள். புதுச் செயினில் அது சரியாக 12 அங்குலத்தில் விழும். 1/16 அங்குலம் தள்ளி விழுந்தால் செயினை மாற்றும் நேரம், 1/8 தள்ளிப் போயிருந்தால் பழைய பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். பதில் அங்கேயே முழுதாக முடிந்துவிட்டது. லிங்க் எதுவும் போடவில்லை. மறுநாள் அவர் அளந்து படம் போட்டார், ஊசி 12 அங்குலக் கோட்டைத் தெளிவாகவே தாண்டி இருந்தது.

அடுத்த சில வாரங்களில் அதே கேள்வி வேறு வேறு வார்த்தையில் மூன்று முறை வந்தது. அப்போதுதான் என் தளத்தில் அதற்கென்று ஒரு பக்கம் எழுதினேன், ஸ்கேல் வைக்கும் இடத்தை நெருக்கமாகப் படம் எடுத்துப் போட்டு. நான்காவது ஆள் கேட்டபோது சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு, படத்துக்கு இங்கே பாருங்கள் என்று லிங்க் கொடுத்தேன். அது நோஃபாலோதான். ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்த்த வேறு ஒருவர், தான் நடத்தும் சைக்கிள் குழுவின் தளத்தில் புதியவர்களுக்கான குறிப்புகளில் அதைச் சேர்த்தார். அந்த லிங்க்கில் எந்தக் குறியும் இல்லை. நான் கேட்கவும் இல்லை. ஃபோரத்தின் பலன் இப்படித்தான் வருகிறது, சுற்றி வளைத்து: அங்கே கிடைப்பது கேள்விகள், ஜனங்கள் அந்தக் கேள்வியைக் கேட்கும் வார்த்தைகள், உங்கள் பெயருக்குக் கொஞ்சம் பரிச்சயம். லிங்க் வேறு எங்கிருந்தோ, அந்தக் கேள்விகளைப் பார்த்து நீங்கள் எழுதிய பக்கத்துக்கு வருகிறது.

இன்னொரு விஷயமும் ஃபோரத்துக்குச் சாதகமாக மாறியிருக்கிறது. 2022-இல் கூகுள் தேடல் முடிவுகளில் விவாதங்களையும் ஃபோரங்களையும் தனிப் பகுதியாகக் காட்ட ஆரம்பித்தது. 2024 பிப்ரவரியில் ரெடிட் என்ற பெரிய விவாதத் தளத்துடன் தரவு ஒப்பந்தமும் அறிவித்தார்கள். இப்போது பல கேள்விகளுக்கு ஒரு ஃபோரம் இழைதான் (ஒரு கேள்வியும் அதற்கு வந்த பதில்களும்) முதல் பக்கத்தில் நிற்கிறது. உங்கள் தளம் அந்த இடத்துக்கு வர வருடக்கணக்கு ஆகலாம். அந்த இழையில் உங்கள் பதில் நன்றாக இருந்தால் இன்றைக்கே அதைப் படிப்பார்கள்.

குறைகளும் உண்டு, மறைக்க ஒன்றும் இல்லை. மெதுவான வழி இது. ஃபோரத்தைக் கண்காணிக்கும் மாடரேட்டருக்கு விளம்பர வாடை அடித்தால் பதிலைத் தூக்கிவிடுவார், கணக்கையும் முடக்குவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. பத்துப் பங்களிப்பில் ஒன்றுக்கு மேல் சொந்தச் சரக்காக இருக்கக்கூடாது என்று ரெடிட்டில் நீண்ட காலம் புழங்கிய ஒரு வழக்கம் உண்டு. நான் அதையும் விடக் குறைத்தே வைத்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, இடம் உங்களுடையது இல்லை. யாஹூ ஆன்சர்ஸ் என்ற கேள்வி-பதில் தளம் 2021 மே 4-இல் மூடப்பட்டது. பதினைந்து வருடமாக ஜனங்கள் எழுதிய பதில்கள், அவற்றில் இருந்த லிங்க்குகள், எல்லாம் தளத்தோடு போயின. அதனால்தான் நல்ல பதிலை ஃபோரத்தோடு விட்டுவிடாமல், விரிவாக்கி உங்கள் தளத்திலும் ஒரு பக்கமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

கெஸ்ட் போஸ்ட் பக்கம் வந்தால், லிங்க் என்ற அளவில் மட்டும் பார்த்தால் அது ஃபோரத்தை விட மேல்தான். கட்டுரைக்குள்ளே, பொருத்தமான இடத்தில், பெரும்பாலும் எந்தக் குறியும் இல்லாமல் லிங்க் கிடைக்கும். ஆனால் 2014 ஜனவரியில், அன்று கூகுளின் வெப்ஸ்பேம் குழுவுக்குத் தலைவராக இருந்த மேட் கட்ஸ், லிங்க்குக்காகக் கெஸ்ட் போஸ்ட் எழுதுகிறீர்கள் என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று வெளிப்படையாகவே எழுதினார். காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. ஒருநாள் சமையல், மறுநாள் காப்பீடு, அதற்கு மறுநாள் நாய் வளர்ப்பு என்று வாசகரே இல்லாமல் கட்டுரை வாங்கிப் போடும் தளங்கள் குவிந்துவிட்டன. அப்படிப்பட்ட ஒன்றுக்கு நானும் எழுதினேன், இரண்டு முழு நாள் உழைத்து, கியர் டியூனிங் பற்றி. அது வெளியான பிறகு அந்தப் பக்கத்திலிருந்து என் தளத்துக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. அதே இரண்டு நாளில் ஃபோரத்தில் இருபது பேருக்காவது பதில் எழுதியிருக்கலாம். இப்போது எனக்கு ஒரே அளவுகோல்தான்: லிங்க்கே தரமாட்டோம் என்றாலும் அங்கே எழுத ஆசை இருக்கிறதா? இருந்தால் எழுதுவேன்.

அப்படி ஆசை வரும் இடங்கள் உங்கள் துறையில் மூன்று நான்கு இருக்கும். முன்பின் தெரியாதவராக அங்கே மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வராது. ஆனால் அந்த ஆசிரியர்களில் சிலர் நீங்கள் பதில் எழுதும் அதே ஃபோரத்தில்தான் இருப்பார்கள். எனக்கு நடந்த இரண்டு நல்ல கெஸ்ட் போஸ்ட்டும் அப்படி வந்தவை. அதனால் இவை இரண்டையும் போட்டியாளர்களாகவே நான் பார்ப்பதில்லை. ஃபோரம் முன்னால், கெஸ்ட் போஸ்ட் பின்னால்.

காசு கொடுத்து வாங்குவது. ரேங்க்குக்காக லிங்க் வாங்குவதும் விற்பதும் கூகுளின் விதி மீறல் என்பது எல்லோருக்கும் தெரியும், தெரிந்தே வாங்குகிறோம். தண்டனை பயத்தை விட்டுவிட்டு, வேலை செய்கிறதா என்று மட்டும் பாருங்கள். 2016 செப்டம்பரில் பெங்குவின் கூகுளின் மைய அல்காரிதத்தோடு சேர்ந்த பிறகு, தளத்தைக் கீழே தள்ளுவதை விட, கெட்ட லிங்க்கின் மதிப்பைப் பூஜ்யமாக்கிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. 2022 டிசம்பர் அப்டேட்டில், ஸ்பேம்பிரெய்ன் என்ற அவர்களுடைய அமைப்பு லிங்க் வாங்கும் தளங்களையும் விற்பதற்கென்றே நடக்கும் தளங்களையும் கண்டுபிடிக்கப் பயன்படுகிறது என்று சொன்னார்கள். அதாவது உங்கள் காசு சத்தமில்லாமல் வீணாகும். வீணானதே தெரியாததால் திரும்பவும் வாங்குவீர்கள். தொடக்கத்தில் ஒருவரிடம் நானும் ஒரு பொட்டலம் வாங்கினேன். ஆறு மாதம் கழித்து அந்தப் பட்டியலை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது பாதிக்கு மேல் பக்கங்களே இல்லை. மிச்சம் இருந்தவற்றில் என் லிங்க்குக்கு மேலே சூதாட்டத் தளம், கீழே கடன் தளம். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் விற்றவர் மேல் இல்லை, தேர்ந்தெடுத்த என் மேல்தான். உண்மையான வாசகர் இருக்கும் இடத்தில் விளம்பரமாகக் காசு கொடுத்து, ஸ்பான்சர்டு குறியோடு போடுங்கள், அது நேர்மையான செலவு. ஆனால் அதற்குப் பெயர் விளம்பரம், அதை பேக்லிங்க் கணக்கில் சேர்க்காதீர்கள்.

டைரக்டரிகள், அதாவது தளங்களை வகைப்படுத்திய பட்டியல்கள், பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. யாஹூ டைரக்டரி 2014 கடைசியில் போனது, டிமோஸ் 2017 மார்ச்சில் மூடியது. உங்கள் துறைச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் போல ஆட்கள் உண்மையிலேயே புரட்டும் பட்டியல் இருந்தால் அதில் பெயரைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

அப்போ எது என்று கேட்டால், வாரத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் மட்டும் இருக்கும் ஒருவருக்கு நான் யோசிக்காமல் ஃபோரத்தைத்தான் சொல்வேன், ஆனால் பத்து இடம் வேண்டாம், ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. முதல் மாதம் தள முகவரியை எங்கேயும் போடாதீர்கள், ப்ரொஃபைலில்கூட. ஏற்கெனவே ஐம்பது பதில் விழுந்த இழைகளை விட்டுவிட்டு, இரண்டு மூன்று நாளாகப் பதிலே இல்லாமல் கிடக்கும் கேள்விகளைத் தேடுங்கள். கேட்டவர் இன்னும் காத்துக்கொண்டிருப்பார், உங்கள் பதிலை முழுதாகப் படிப்பார். ஒரே கேள்வி மூன்றாம் முறை வரும்போது அதற்கு உங்கள் தளத்தில் பக்கம் எழுதுங்கள். மாதம் ஒருமுறை, தளம் நடத்துபவர்களுக்கான கூகுளின் கருவியான சர்ச் கன்சோலில் லிங்க்குகள் அறிக்கையைத் திறந்து, நீங்கள் போடாத லிங்க் எத்தனை வந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். எனக்கு முதல் எட்டு மாதத்தில் அப்படி வந்தவை வெறும் நான்கு. அந்த நான்கில் மூன்று, செயினை ஸ்கேல் வைத்து அளக்கும் அந்தப் பக்கத்துக்கு.