ஐயுஐயா, ஐவிஎஃபா? கடலோரத் தம்பதியருக்கு ஓர் ஒப்பீடு

திருமணமாகி ஓராண்டாகியும் கரு தங்கவில்லை என்றால், பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கங்களில் கேள்விகள் பெண்ணை நோக்கியே வருகின்றன. இது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. கணவரின் விந்துப் பரிசோதனையையும் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள். அது எளிது, செலவும் குறைவு.

அடுத்துத் தெரிய வேண்டியது கருக்குழாயின் நிலை. ஐயுஐ முறையில், தூய்மைப்படுத்திய விந்தணுக்களை மெல்லிய குழாய் வழியே கருப்பைக்குள் செலுத்துகிறார்கள். கரு உருவாவது உடலுக்குள்தான் என்பதால் ஒரு கருக்குழாயாவது திறந்திருக்க வேண்டும். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையால் முட்டை வெளிவராதவர்களுக்கு லெட்ரோசோல் மாத்திரை முதல் படி. அதனுடன் ஐயுஐயும் செய்யலாம். அன்றே வீடு திரும்பலாம்.

காசநோயோ பழைய தொற்றோ இரு குழாய்களையும் அடைத்துவிட்டிருந்தால், ஐயுஐக்குப் பணம் கட்டுவது வீண். காசநோய்க்கு முதலில் மருந்து, பிறகு உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் ஐவிஎஃப் முறை. தினமும் ஊசி, அடிக்கடி ஸ்கேன், மயக்கத்தில் முட்டை எடுப்பு, ஆய்வகத்தில் கருவாக்கம். செலவு பல மடங்கு. ஒரு முறைக்கான வெற்றி வாய்ப்பும் கூடுதல். ஆனால் பெண்ணுக்கு 35 வயதுக்குப் பின் அது வேகமாகச் சரிகிறது. கருத்தரிப்பு உதவிச் சிகிச்சைகளுக்கான 2021 சட்டம் பெண்ணுக்கு 50 வயது வரையே சிகிச்சையை அனுமதிக்கிறது.

ஐயுஐ நாளன்று கணவர் கரையில் இருக்க வேண்டும். விசைப்படகுக் குடும்பங்களுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வசதியானது. மற்ற மாதங்களில், விந்தை முன்கூட்டியே உறையவைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். 35 வயதைக் கடந்த பெண்கள் தடைக்காலத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. ஆறு மாதம் முயன்றும் கரு தங்கவில்லை என்றாலே பரிசோதனைக்குச் சென்றுவிட வேண்டும்.