கை நடுங்குமுன் தெரியும் தடுமாற்றம்: தமிழ் மோக்கா படிவம் எவ்வளவு உதவும்?

பெரும்பாலான வீடுகளில் கை நடுங்கத் தொடங்கிய பிறகுதான் பார்க்கின்சன் என்ற பேச்சே எழுகிறது. நடுமூளையில் அசைவைச் சீராக்கும் டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்களில் ஏறத்தாழப் பாதி அழிந்த பின்னரே அந்த நடுக்கமும் விறைப்பும் வெளியே தெரியும். 1817இல் இந்நோயை விரித்தெழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சன், புலன்களுக்கும் அறிவுக்கும் பாதிப்பில்லை என்றே எழுதிவைத்தார். நெதர்லாந்தின் றொட்டர்டாம் நகர முதியோரைப் பல வருடம் பின்தொடர்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வு அதற்கு மாறானது. சிந்தனைச் சோதனைகளில் பின்தங்கியவர்களுக்குப் பிற்காலத்தில் பார்க்கின்சன் வகை நோய் வரும் வாய்ப்புக் கூடுதலாக இருந்தது. நோயின் முன்நிலையைக் கணிக்கும் சர்வதேச அளவுகோலை 2019இல் புதுப்பித்தபோது சிந்தனைக் குறைபாட்டையும் அதில் சேர்த்தார்கள்.

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அந்தக் குறைபாட்டைத் தேட, மொன்றியலில் உருவாகி 2005இல் வெளிவந்த மோக்கா என்ற சிந்தனைத்திறன் சோதனையின் தமிழ்ப் படிவம் நல்ல தெரிவு. ஒரு தாள், 30 புள்ளி, சுமார் 10 நிமிடம். 1975இல் வந்த பழைய எம்.எம்.எஸ்.இ. சோதனையும் 30 புள்ளிதான். ஆனால் அது திகதி, இடம், ஞாபகம் ஆகியவற்றிலேயே அதிகம் நிற்கிறது. பார்க்கின்சனில் முதலில் தளர்வது திட்டமிடலும் கவனமும். அதனால் அங்கே 28 எடுத்தவரும் மோக்காவில் தடுமாறலாம்.

தாளில் எங்களுக்குப் பெறுமதியாகப் படுவது கடிகாரப் பகுதி. வட்டம் போட்டு, எண்களை எழுதி, 11 மணி 10 நிமிடம் காட்டச் சொல்ல வேண்டும். வட்டம், எண்கள், முட்கள் என மூன்று புள்ளி. 12, 3, 6, 9 ஆகியவற்றை முதலில் குறித்துக்கொள்பவரிடம் திட்டமிடல் இருக்கிறது. 1இல் தொடங்கி வரிசையாக எழுதி, பாதி வட்டத்திலேயே 12ஐயும் முடித்துவிடுபவரிடம் அது தளர்ந்திருக்கலாம். பெரிய முள்ளை 2க்குக் கொண்டுபோகாமல் 10க்கே நீட்டினால் இன்னும் கவனியுங்கள். அவருக்குக் கடிகாரம் தெரியும். காதில் விழுந்த ‘பத்து’ என்ற சொல்லிலிருந்து மனம் விலகவில்லை. புள்ளி மட்டும் பார்த்தால் இது தெரியாது, கை நகர்வதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது ஐந்து சொற்கள். (அவற்றை இங்கே எழுத மாட்டோம். முன்கூட்டியே படித்துவிட்டு வந்தால் சோதனை வீண்.) ஐந்து நிமிடம் கழித்துத் தானாகச் சொல்வதற்கே புள்ளி. வராத சொல்லுக்கு, அது எந்த வகைப் பொருள் என்று குறிப்புக் கொடுக்கலாம். அதற்குப் புள்ளி இல்லை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள், விடக்கூடாது. குறிப்புக் கொடுத்ததும் சொல் வந்துவிட்டால் அது உள்ளே பதிந்திருக்கிறது, தேடி எடுப்பதில்தான் சிக்கல். பார்க்கின்சன் வழியில் அதிகம் காண்பது இதைத்தான். குறிப்புக் கொடுத்தும் வராவிட்டால் அல்சைமர் என்ற மறதிநோயின் பக்கமும் யோசிக்க வேண்டும்.

100இலிருந்து ஏழேழாகக் கழிக்கும் பகுதியில் புள்ளி போடுபவர்களே பிழை விடுகிறார்கள். 93க்குப் பதில் 92 என்றால் அது ஒரு பிழை மட்டுமே. அடுத்து 85 என்றால் அந்தக் கழித்தல் சரி.

இந்தத் தாளின் பெரிய குறை படிப்பு. 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு புள்ளி கூட்டுகிறார்கள். வயலும் கடலும் இடம்பெயர்வும் மூன்றாம் நாலாம் வகுப்போடு நிறுத்திவிட்ட எங்கள் முதியவர்களுக்கு அந்த ஒரு புள்ளி எந்த மூலைக்கு? கனசதுரத்தைப் பார்த்து வரைவது பென்சில் பிடித்துப் பழகாத கைக்குக் கஷ்டம். 26க்குக் கீழே என்றால் குறைபாடு என்ற பொது வரம்பை அப்படியே வைத்தால், நல்ல மூளையோடு இருக்கும் பலர் நோயாளியாகிவிடுவார்கள். குறைந்த படிப்புள்ளவர்களுக்கென்றே மோக்கா பேசிக் என்று தனிப் படிவம் இருக்கிறது. அதைக் கேளுங்கள்.

செய்யும் இடமும் முக்கியம். கிளினிக் வரிசைக்கு நடுவில், மின்விசிறிச் சத்தத்தில் எடுத்த புள்ளியை நாங்கள் நம்பமாட்டோம். கண்ணாடியும் காதுக்கருவியும் கூட வர வேண்டும். மகளோ மருமகனோ வெளியே இருக்கட்டும். விடை சொல்லிக்கொடுக்காமல் இருப்பது பாசமுள்ளவர்களுக்கு முடியாத காரியம். நோன்பு நாளின் பின்னேரம், காய்ச்சல் விட்ட மறுநாள், தூங்காத இரவுக்கு அடுத்த நாள் ஆகியவற்றைத் தவிருங்கள். பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும். பிள்ளைகள் தாளை இறக்கி வீட்டில் பரீட்சை வைக்கக் கூடாது.

புள்ளி குறைந்ததால் மட்டும் பார்க்கின்சன் வரப்போகிறது என்று சொல்ல முடியாது. மனச்சோர்வு, தைரொயிட் குறைவு, விற்றமின் பி12 குறைவு ஆகியவையும் இதே புள்ளியைத் தரும். கூடவே வேறு அடையாளங்கள் உண்டா என்று பாருங்கள்: கறிவேப்பிலை தாளிக்கும் மணம் தெரியாமல் போதல், நாட்பட்ட மலச்சிக்கல், கனவில் கத்தி, உதைத்து, பக்கத்தில் படுத்தவரை அடித்தல். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் நரம்பியல் வைத்தியருக்குக் கடிதம் கேளுங்கள். அரச ஆஸ்பத்திரியில் அதற்குக் கட்டணம் இல்லை.

போகும்போது விழுங்கும் எல்லா மருந்தையும் பையோடு கொண்டுபோங்கள். தலைச்சுற்றுக்குக் கொடுக்கும் சினறிசின், வாந்திக்குக் கொடுக்கும் மெற்றொகுளொப்பிறமைட் ஆகியவை தாமே நடுக்கத்தையும் விறைப்பையும் உண்டாக்கும். மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிற்றிப்ரிலின், ஒவ்வாமைக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமின் இரண்டும் முதியவரின் ஞாபகத்தை மங்கச் செய்யும். இவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். வைத்தியர் மாற்றிக் கொடுத்த பிறகு, சில மாதம் விட்டு, அதே ஆளிடம், அதே நேரத்தில் சோதனையை மறுபடி எடுங்கள்.